நீலமாகிப்போன மணிகள்

வாலுவின் அம்மா கடை கடையாகப் போய்த் தண்ணீரைச் சோதிப்பவர். அவர் பாட்டிலில் இருக்கும் வெள்ளை மணிகள் லேசுப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஓட்டைகள். தண்ணீரில் கெட்டது எது கலந்திருந்தாலும், அதை ஓட்டைக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு மணி நீலமாகிவிடும். ஆனால் தண்ணீரில் நனைந்தால்தான் அந்த நிறம் வரும்.

அன்று மாலை, அன்றைய முதல் சோதனையாக எதிர்வீட்டு அத்தையின் பழச்சாற்றுக் கடைத் தண்ணீரில் மணியைப் போட்டதும் நீலமோ நீலம்.

"இன்னொரு தடவை பாரும்மா," என்றார் அத்தை.

அம்மா பார்த்தார். மறுபடியும் நீலம்.

"நாளைக்குக் கடை திறக்க முடியாதுக்கா. மன்னிச்சுக்கோங்க."

"நாளைக்குத்தானே பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி? அறுபது கிலோ பழம் வாங்கி வெச்சிருக்கேனே," என்று அத்தை பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்திருந்த வாலுவுக்கு அழுகை முட்டியது. பாவம் அத்தை, தினமும் எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவுகிறவர்.

வீட்டுக்கு வந்ததும் வாலு காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு மணியைப் போட்டாள். நீலம். அம்மா சோதனைக்கென்றே வைத்திருக்கும் சுத்தமான தண்ணீரில் போட்டாள். அதுவும் நீலம்.

"அம்மா, தப்பு தண்ணிமேல இல்ல. மணிமேலதான்."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். மணியைச் சுத்தமான தண்ணீரில் போட்டுச் சரிபார்க்கும், தினமும் காலையில் செய்ய வேண்டிய அந்தச் சோதனையை இன்று அவசரத்தில் விட்டிருந்தார். பாட்டிலைத் திறந்து மோந்தார். முகம் அஷ்டகோணலானது.

"இதென்ன நாத்தம்?"

அப்பா மெல்ல நழுவப் பார்த்தார்.

"அப்பா, நில்லுங்க," என்றாள் வாலு.

"எதையும் இழுத்துக்கும்னு உங்கம்மாதானே பெருமையா சொன்னா? ஒரே ஒரு ராத்திரி என் ஷூவுக்குள்ள போட்டு வெச்சேன். காலையில எண்ணித் திருப்பி வெச்சுட்டேன். ஒண்ணுகூடக் குறையல."

"ஷூ நாத்தம் போச்சா?"

"சுத்தமா போச்சு."

"போன நாத்தம்தான் இப்ப அத்தை கடையை மூடுது. வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க. நான் கூட வரேன்."

அப்பா வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைத் தாண்டினார். கூடவே வந்த அம்மா புதுப் பாட்டிலைத் திறந்து கடைத் தண்ணீரில் மணியைப் போட்டார். எவ்வளவு நேரம் பார்த்தும் அது வெள்ளை வெளேரென்றே கிடந்தது. அப்பா தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

அத்தைக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவே இல்லை.

"தப்புக்குப் பதிலா நாளைக்குப் பழமெல்லாம் நான் உரிச்சுத் தரேன்க்கா," என்றார் அப்பா.

"தாராளமா வாங்க தம்பி. ஷூவை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

மறுநாள் கடையில் நிற்க இடமில்லை. பத்துக் கிலோ உரித்துக் களைத்துப்போன அப்பாவுக்கு, வாலு தன் கிளாஸில் பாதியைக் கொடுத்தாள்.