விதிப்படி ஒரு கொலை!

"ஐயோ...!"

காலை ஏழு மணிக்குக் கிளம்பிய அந்த அலறல், இசை விழா மைதானத்தின் ஐநூறு கூடாரங்களையும் உலுக்கியது.

உலுக்கி என்ன பயன்? பாதிப் பேர் புரண்டு படுத்தார்கள். மீதிப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க ஓடினார்கள்!

அலறியவள் ஒரு நர்ஸ். இரவு டியூட்டி முடித்து முதல் பஸ்ஸில் வந்தவள். முந்தின நாளே வந்து தங்கிவிட்ட கணவனைத் தேடி, பதினான்காம் நம்பர் கூடாரத்தைத் திறந்தாள்.

உள்ளே கணவன். காதில் பஞ்சு. கால்மாட்டில் ஒரு கரி அடுப்பு.

நாடி பார்த்தாள். இல்லை...

எட்டு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கினாள் பெண் இன்ஸ்பெக்டர். சுற்றிலும் பார்த்தாள். முகம் தானாகச் சுளித்தது.

தீயணைப்பு சிலிண்டரின் மேல் எவனோ ஈர ஜட்டியைக் காயப்போட்டிருந்தான். 'கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது' என்ற பலகையைப் பிடுங்கி, அதன்மேல் உட்கார்ந்து நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கரை முழுக்கக் காலி பாட்டில்கள்.

"பாட்டு கேக்க வந்த கூட்டமாய்யா இது?"

"படிச்ச கூட்டம் மேடம்..." என்றார் ஏட்டு.

"அது தெரியுதே. ஒருத்தனுக்கும் பலகையைப் படிக்கத் தெரியல!"

ஏட்டு கூடாரத்தைக் காட்டினார். "இதுவும் அந்த ரகம்தான் மேடம். குளிருக்கு அடுப்பை உள்ள வச்சுத் தூங்கியிருக்கான். கரியிலேருந்து வர்ற விஷவாயு ஆளை முடிச்சிடுச்சு. தானா தேடிக்கிட்ட சாவு!"

இன்ஸ்பெக்டர் முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்த நர்ஸிடம் போனாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா?"

"கணக்கு வாத்தியார். மேடம், அவரு அடுப்பை உள்ள வைக்கிற ஆளே இல்ல! வீட்டுல கேஸை மூடிட்டு மூணு தடவை எழுந்து போய்ப் பார்ப்பாரு. எத்தனை தடவை திட்டியிருக்கேன் தெரியுமா..."

"நீங்க வந்தப்ப ஜிப் மூடியிருந்துச்சா?"

"மூடி, வெளிப்பக்கம் கயித்தால கட்டியிருந்துச்சு. நான்தான் அவுத்தேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள்.

"வெளிப்பக்கமா?!"

"ஆமா..." சொன்ன பிறகுதான் நர்ஸுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருக்கு இங்க விரோதிங்க யாராவது?"

"அவருக்கு விரோதியா? நேத்து சாயங்காலம்கூட, சிக்னல் கிடைக்கலன்னு எவனோ டென்ட்டை மாத்திக்கக் கேட்டானாம். உடனே மூட்டையைத் தூக்கிட்டுப் பதினாலுக்கு வந்துட்டாரு. போன்ல சொல்லித்தான் நான் இங்க வந்தேன்."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

'அப்படியானால் பதினான்கில் படுத்திருக்க வேண்டியவன் எவன்?'

வெளியே வந்தாள். வேலியோரமாக ஏட்டு கத்தினார்.

"மேடம்! மழையே பெய்யல. இங்க மட்டும் மண்ணு சொதசொதன்னு இருக்கு!"

கூடாரத்திலிருந்து பத்தடி. சதுரமாக வெட்டி எடுத்த புல்லை மறுபடி பதித்திருந்தார்கள். தூக்கினாள். அடியில் கரித்துண்டுகள். தண்ணீர் ஊற்றி, கிளறி, மண் மூடி... பக்கத்தில் ஒரு தீக்குச்சிகூடக் கிடக்கவில்லை.

"இங்க கனல் மூட்டி, அடுப்புல போட்டு, தூங்கறவர் கால்மாட்டுல வச்சிருக்கான். காதுல பஞ்சு. அவருக்கு எப்படிக் கேக்கும்? சரி, விழாவோட பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுய்யா!"

கயிறு கட்டிக் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தவர் வந்தார். ஐம்பது வயது. கழுத்தில் விசில். கூட்டத்தில் எவனோ அவரைப் பார்த்து விசிலடிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"செத்தவன் யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியாம என்ன? பதினாலு... அந்த வீடியோக்காரன்! போன வருஷ விழாவுல, அடுப்பை வெளிய வைன்னு விதி சொன்னப்ப என்னைப் படம் புடிச்சுக் கேலி பண்ணினவன். கேலி பண்ணின அடுப்புலயே போயிட்டான். உள்ள எட்டிப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கல மேடம்!"

இன்ஸ்பெக்டர் முகத்தில் எதையும் காட்டவில்லை. குழியைக் காட்டினாள்.

"இதைப் பாருங்க. சரியா அணைச்சிருக்கானா?"

அதிகாரியின் கண்கள் மின்னின.

"சுத்தமா அணைச்சிருக்கு மேடம்! தண்ணி ஊத்தணும், கிளறணும், மறுபடி ஊத்தணும். புறங்கையை வச்சுப் பார்த்துட்டுத்தான் மண்ணு போடணும். இல்லன்னா பக்கத்து டென்ட் பத்திக்கும்!"

"ஐநூறு டென்ட்ல இப்படி அணைக்கத் தெரிஞ்சவன் எத்தனை பேர் சார்?"

அதிகாரி விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருவன் வந்தான். கையில் காபி. மறு கையில் நீட்டிய போன்.

"என் பழைய டென்ட்டுல எவனோ காலியாமே? செம சீன்!"

அதிகாரியின் முகம் வெளுத்தது.

"நீ... நீயா?! நீ உள்ளதானடா இருந்தே! நான் வைக்கும்போது நீதானே போர்த்திக்கிட்டு..."

சட்டென்று நிறுத்தினார். ரொம்ப லேட்!

ஏட்டு அவர் தோளில் கை வைத்தார்.

"ஒன்பது லட்சம் பேர் அந்த வீடியோவைப் பார்த்தாங்க மேடம்!" அதிகாரி கத்தினார். "காலேஜுல என் பொண்ணைப் பார்த்தாலே விசிலடிச்சாங்க. அவ படிப்பையே விட்டுட்டா! இவனை மாதிரி ஒருத்தன் உயிரோட இருந்து என்ன ஆகப்போவுது?"

"அவனைப் பத்தி அப்புறம் பேசலாம். நீ கொன்னது யாரைத் தெரியுமா?"

கூடாரத்தில் கிடைத்த ஒரு சிறு நோட்டை நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. 'கூடாரங்களுக்கு நடுவே மூன்று மீட்டர். அடுப்பு வெளியே. குப்பை திரும்பக் கொண்டுபோக...'

"இது... நேத்து என் பாதுகாப்பு வகுப்புல நான் சொன்னது. ஐநூறு டென்ட்லேருந்து ஒரே ஒருத்தர்தான் வந்தாரு. முன்னாடி உக்காந்து எழுதினாரு. முடிஞ்சதும் கையைப் புடிச்சு நன்றி சொன்..."

ஏட்டு பிடித்திராவிட்டால் அதிகாரி சேற்றிலேயே விழுந்திருப்பார்.

"அவரேதான்" என்றாள் இன்ஸ்பெக்டர், இரக்கமே இல்லாமல். "ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொன்ன நீ, செத்தவர் முகத்தைக்கூடப் பார்க்கல. த்தூ!"

விலங்கு 'க்ளிக்' என்றது.

வீடியோக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"மேடம், உயிர் பிழைச்ச ஹீரோன்னு என்னை வச்சு ஒரு வீடியோ... நீங்களும் ரெண்டு வார்த்தை..."

அவள் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஏட்டிடம் எறிந்தாள்.

"சாட்சிப் பொருள். எழுதிக்கய்யா!"

ஜீப் கிளம்பியது. ஏட்டு பெருமூச்சு விட்டார்.

"இருந்த ரெண்டு ஒழுங்கானவங்கள்ல ஒருத்தர் மார்ச்சுவரிக்கு, ஒருத்தர் ஜெயிலுக்கு. அந்தப் பயலுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாருங்க மேடம்!"

"எப்படிய்யா ஆகும்?" கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னாள் இன்ஸ்பெக்டர். "அது மக்காத குப்பை!"