ஆணி இறங்கிய மருதம்

காலை ஏழு மணிக்கு முதல் லாரி வரும். வந்ததும் சங்கரவடிவு மேலே ஏறி, கைக்கு அகப்பட்ட பட்டை ஒன்றை உருவி மோந்து பார்ப்பாள். பிறகு அதன் ஓரத்தை விரலால் தடவுவாள். மரம் உயிரோடு நிற்கையில் உரித்த பட்டை என்றால் வெட்டுவாய் உதடுபோலத் தடித்திருக்கும். அப்படி இருந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். செங்கோட்டைப் பட்டைச்சத்து ஆலையில் பதினோரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை.

ஒரு காலத்தில் இந்த மருதம்பட்டையைக் குப்பை என்று மரம் அறுக்கிற மில்காரர்கள் அடுப்பில் போட்டு எரித்தார்களாம். இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்று, முள் குத்தினாலே கால் அழுகுகிற ‘அடங்காச் சீழ்’ வந்த பிறகு, அது கட்டுப்பட்டது மருதம்பட்டையில் பிரிக்கிற சத்துக்கு மட்டும்தான். செய்தி பரவிய முதல் வருஷமே ஆற்றங்கரை மரங்களைச் சனங்கள் உரித்தே கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. தானாகப் பட்டுப்போன மரத்தை மில்லில் அறுத்தபின் மிஞ்சுகிற பட்டையில்தான் மருந்து எடுக்கலாம். நிற்கிற மரத்தை யாராவது காயப்படுத்தியது தெரிந்தால் அந்த வட்டாரத்துப் பட்டைக்கே ஆறு மாதம் பூட்டு. கழிவில் எவ்வளவு கிடைத்துவிடும்? மில் இருக்கிற ஊர்களில் மருந்து அட்டை வைத்திருப்பவர்களுக்கே பத்தவில்லை. மலையடிவாரத்துச் சனங்களுக்கு அட்டையே கிடையாது.

மூன்று வாரமாக அவளுக்கு ஒரு சந்தேகம். மற்ற லாரிகளின் பட்டை வீரியமானியில் நாலைத் தாண்டாதபோது, செய்யதலி ஓட்டி வரும் லாரியின் பட்டை மட்டும் ஒன்பது காட்டியது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். சங்கரவடிவோ வீரியமானியைத் துடைத்து இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். எலி அம்மணமாக ஓடினால் காரணம் இல்லாமலா ஓடும்?

ஆனால் தோண்டிப் பார்க்கவும் பயமாக இருந்தது. அவள் வீட்டுக்காரர் பொன்னுலிங்கம் காலில் சீழ் வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த ஒன்பது வீரியச் சத்துதான் புண்ணை மேலே ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. இன்னும் மூன்று வாரம் இதே மருந்து கிடைத்தால் கால் தப்பும், இல்லாவிட்டால் முட்டோடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டை திருட்டுப் பட்டையாக இருந்தால் முதலில் போவது அவர் கால்தான்.

அன்று ஒரு பட்டையில் சின்னதாக வட்டத் துளை ஒன்றைக் கண்டாள். அடுத்ததைப் புரட்டினால் அதில் நாலு. செய்யதலியைக் கூப்பிட்டுக் காட்டினாள். வண்டு குடைந்திருக்கும் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். மடியில் கனம் இருக்கிறவன் முகம் அவளுக்குத் தெரியாதா?

“வண்டு குடைஞ்சா மாவு உதிரும் தம்பி. இது சுத்திக் கறுத்திருக்கு. மருதம்பட்டை இரும்பு பட்டாத்தான் இப்படிக் கறுக்கும். மரத்துக்கு என்ன செய்யுதிய?”

அவன் லாரிக் கதவைத் திறந்துவிட்டான். “நீங்களே வந்து பாத்துக்கிடுங்கக்கா” என்றான்.

லாரியில் போகும் வழியெல்லாம் அவள் மனசு ஒரு கள்ளனைத் தேடிக்கொண்டே வந்தது. இவனே மரத்துக்கு ஊசி போடுகிறானோ? மேலாளருக்கும் இதில் பங்கு உண்டோ? அவர் ஏன் ஒரு நாள்கூட எதுவும் கேட்கவில்லை?

மலையடிவாரத்து ஓடைக்கரையில் லாரி நின்றது. நிற்கிற மருத மரங்களில் ஆள் உயரத்துக்கு ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி, பேர் கீறிய தகரத் துண்டு. பேய் பிடித்தவர் முடியை மரத்தில் வைத்து ஆணியடித்து இறக்குவது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். இப்போது பேய்க்குப் பதில் சீழை இறக்குகிறார்கள்.

ஆணியோடு கட்டையைக் கொண்டுபோனால் மில்லில் வாளின் பல் தெறித்துவிடும், உள்ளே விடமாட்டார்கள். அதனால் மரம் பட்டதும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் ஏற்றுவதாகச் செய்யதலி சொன்னான். ஒரு ஆணிகூடத் தான் அடிக்கவில்லை, யாரையும் அடிக்கச் சொல்லவும் இல்லை என்றான். “அட்டை இல்லாதவங்கக்கா. நம்ம ஆலை வாசல்ல வந்து மருந்து கேட்டு, நாம இல்லேன்னு திருப்பி அனுப்புனவங்க.”

சங்கரவடிவுக்கு விளங்கிவிட்டது. காயம்பட்ட மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தைச் சுரக்கிறது. ஆணி கூடக் கூடச் சுரந்து சுரந்தே பட்டுப்போகிறது. அடிக்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் சாமியை நம்பி அடிக்கிறார்கள்.

“அடிச்சவங்களுக்குக் குணமாச்சா?” என்று கேட்டாள்.

“ஒரு மரம் பட்டு விழ ஒரு வருசமாவுது. சீழு அது வரைக்கும் காத்துக்கிட்டா கெடக்கும்?”

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கள்ளன் ஒருத்தன் அகப்பட்டிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். கைப்பேசியில், மரக்காயத்தைச் சர்க்காருக்குத் தெரிவிக்கிற காயப் பதிவைத் திறந்தாள். ‘உயிர்மரக் காயம்’ என்ற கட்டத்தை ஒரு தட்டுத் தட்டினால் போதும், வட்டாரமே பூட்டப்படும், மரங்களுக்குக் காவல் வரும். மரங்கள் பிழைக்கும். பொன்னுலிங்கத்தின் கால் போகும். விரல் அந்தரத்திலேயே நின்றது.

அப்போது ஓடையைத் தாண்டி ஒரு பெண் வந்தாள். மாடத்தியாம், மேலே குடியிருப்புக்காரி. மகள் செண்பகத்துக்குக் கையில் சீழ், நாலு நாளாகக் காய்ச்சல் என்று கேட்காமலே சொன்னாள். மகளின் முடியைச் சுற்றிய ஆணியை மரத்தில் வைத்துச் சுத்தியலை ஓங்கினாள். ஆணி நழுவி விழுந்தது.

“யம்மா, இதக் கொஞ்சம் புடிச்சுக்கிடுதீங்களா? ஒத்தையா அடிக்க முடியல.”

சங்கரவடிவு கைப்பேசியை இடுப்பில் செருகிவிட்டு ஆணியைப் பிடித்தாள். முதல் அடி பட்டையோடு நின்றுவிட்டது.

“இன்னும் ஓங்கி அடிங்க. ஆழமா எறங்கட்டும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. ஆழமாக இறங்கினால் மரம் கூடுதலாகச் சுரக்கும். அதை நினைத்துத்தான் சொன்னோமோ? மாடத்தியோ அதைப் பரிவு என்று எடுத்துக்கொண்டாள். மூன்று அடியில் ஆணி தலைவரை இறங்கியது. மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“பலிக்குமாம்மா?”

“பலிக்கும்” என்றாள் சங்கரவடிவு.

அது பொய்யில்லை. யாருக்குப் பலிக்கும் என்று மாடத்தி கேட்கவில்லை.