வர வேண்டாம் என்று சொன்னால்...

"இது என் இடம்."

வீப்கே இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். சரியாகச் சொன்னால், முதல் இரண்டு முறையும் மனதுக்குள்தான் சொல்லியிருந்தாள். அதனால் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைக் குறை சொல்லவும் வழியில்லை.

அவன் நிமிர்ந்தான். தலைமுடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள்... மழை விட்டதும் கடல் காட்டுமே ஒரு வெளிர்சாம்பல், அந்த நிறம். ச்சே! படிக்க வந்த இடத்தில் கண்ணின் நிறம் எதற்கு?

"பேர் எதுவும் எழுதலையே?" அவன் நாற்காலிக்கு அடியில் குனிந்தே பார்த்துவிட்டான்.

"போன வாரம் நான் இங்கதான் உட்கார்ந்தேன்."

"போன வாரம் நான் வரலைங்க. வந்திருந்தா சண்டை அப்பவே முடிஞ்சிருக்கும்."

சிரித்துக்கொண்டே எழுந்து பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தான். உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில்தான் வகுப்பு முடியும்வரை அவள் உட்கார வேண்டியிருந்தது.

ஓல்டன்பூர்க் நகரத்து மாலை வகுப்பு அது. செவ்வாய்தோறும் ஆறரை மணிக்கு, ஐந்து வாரங்கள். தலைப்பு: தனியாகப் பயணம் போவது எப்படி.

வீப்கேக்கு இருபத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கால் மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் இன்றுவரை எங்கும் தனியாகப் போனதில்லை. ஒவ்வொரு விடுமுறையும் அக்கா ஆன்ட்யேயின் குடும்பத்தோடு, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் அவர்களுடைய வண்டிவீட்டில், அக்கா சொன்ன ஊருக்கு, அக்கா சொன்ன நேரத்துக்கு. இந்த மே மாதம் மட்டும் நான்கு நாள் தனக்கே தனக்கென்று வேண்டும் என்றிருந்தது. அவசரமே இல்லாத மூன்று பழைய ஊர்கள். ஒரு பெஞ்சு, ஒரு காப்பி, ஒரு தேவாலய மணி...

அதைக் கேட்டு ஆன்ட்யே விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயா? ரெண்டாவது நாளே அழுதுகிட்டு வந்து நிப்படி!"

அந்த வார்த்தை மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது. அழாமல் போய், அழாமல் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"எல்லாரும் ஜோடி ஜோடியா உட்காருங்க!" ஆசிரியை லூர்ஸ் அம்மையார் கை தட்டினார். "ஒருத்தர் திட்டத்தை இன்னொருத்தர் சரிபார்க்கணும்."

"தனியாப் போறதுக்கு ஜோடியா?" வீப்கேயால் தாங்க முடியவில்லை.

"தனியா யோசிச்சா நம்ம தப்பு நமக்குத் தெரியாதும்மா."

ஜோடி யார் என்று கேட்க வேண்டுமா? அந்த ஈரத்தலைதான். பெயர் ஃபோல்கெர்ட்.

அவள் திட்டம் பதினான்கு பக்கம், நான்கு நிற மையில். அவன் திட்டம் ஒரு பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை. அதில் ஒரே ஒரு சொல்: தெற்கே.

"இதுதான் திட்டமா?"

"அம்புக்குறியும் போட்டிருக்கேன், பாருங்க."

எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. அவனோ அவளுடைய தாள்களை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தான். படிக்கப் படிக்க அவன் சிரிப்பு குறைந்தது.

"திங்கள் ஐன்பெக்... செவ்வாய் டுடர்ஸ்டாட்... புதன் குவெட்லின்பூர்க். ராத்திரிச் சாப்பாடு மூணு ஊர்லயும் சந்தைச் சதுக்கத்து விடுதியிலயா?"

"ஆமா. வார நாள்ல கூட்டம் இருக்காதுன்னு பார்த்து எடுத்தேன்."

"கூட்டம் இருக்காதுதான். சாப்பாடும் இருக்காது. ஐன்பெக் விடுதிக்குத் திங்கள் ஓய்வு நாள். டுடர்ஸ்டாட்ல செவ்வாய். குவெட்லின்பூர்க்ல புதன்."

அவள் காது மடல் சூடாகியது. எந்தக் கோபுர மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்பதுவரை எழுதியிருந்தாள். சமையலறை மூடும் நாளை எழுதவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பீர் வர்ற குழாயைச் சுத்தம் பண்றவன் நான். அவங்க மூடுற அன்னிக்குத்தான் எனக்கு வேலை. இந்தப் பக்கம் இருக்கிற எல்லாப் பழைய ஊரையும் பார்த்திருக்கேன். எல்லாத்துலயும் நாற்காலி மேசை மேல கவுந்துதான் கிடக்கும். ஒரு தடவையாவது திறந்திருக்கறப்போ போய் ஒரு ஓரமா உட்காரணும். ஆனா தனியா உட்கார்ந்தா கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியாது... அதான் இந்த வகுப்பு."

அவள் சிரிப்பு வந்ததை மறைக்கப் பேனாவைத் தேடினாள்.

"ஒரு நாள் தள்ளிப் போட்டா போதுங்க. எல்லாம் சரியாயிடும்."

பதினான்கு பக்கத் திட்டத்தை ஒரே வரியில் சரிசெய்கிற ஆளை விட எரிச்சலூட்டும் பிறவி உலகத்தில் உண்டா?

அடுத்த வாரம் அவன் முன்னதாகவே வந்து ஜன்னலோர நாற்காலியை அவளுக்காக விட்டு வைத்திருந்தான். அதற்கடுத்த வாரம் அவன் வரப் பத்து நிமிடம் தாமதமானது. அந்தப் பத்து நிமிடத்தில் வீப்கே வாசலைப் பதினேழு முறை பார்த்தாள். எண்ணியதை நினைத்து அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அன்று வகுப்பு முடிந்தபோது கொட்டும் மழை. ஒரே குடைக்குள் இருவர். அவன் தோளில் பாதி நனைந்தது. குடை மட்டும் அவள் பக்கமே சாய்ந்திருந்தது. அது நன்றாகத்தான் இருந்தது...

ஒரு கார் வந்து நின்றது. அக்கா! கண்ணாடி இறங்கியது.

"யாருடி இது?"

"கூடப் படிக்கிறவர்."

ஆன்ட்யே அவனை மேலும் கீழும் அளந்தாள். "நீங்களும் இவகூடப் போறீங்களா? அப்பாடா! அம்மா இனிமே நிம்மதியாத் தூங்குவாங்க."

"அக்கா!"

ஃபோல்கெர்ட்டின் முகம் மலர்ந்தது. "நான் வேணும்னா... ரெண்டு மூணு நாள் லீவு போட்டுடலாம். வீப்கே சரின்னா..."

அவ்வளவுதான். மூன்று வாரத்து எரிச்சலும் ஒன்றாகப் பொங்கியது.

"நான் இங்க எதுக்கு வரேன்? துணைக்கு ஆள் பிடிக்கவா? தனியாப் போக முடியாதுன்னு இவ சொல்றா, நீங்களும் அதையே சொல்றீங்க! வர வேண்டாம். எங்கயும் வர வேண்டாம். வழியனுப்பறேன்னு ஸ்டேஷனுக்குக்கூட வந்துடாதீங்க!"

அவன் கண்களில் இருந்த வெளிச்சம் மெல்ல அடங்கியது.

"சரிங்க. வரல."

கடைசி வகுப்பில் அவன் பின்வரிசையில் போய் உட்கார்ந்தான். அவளிடம் எந்த வம்புக்கும் வரவில்லை. அது வம்பை விட மோசமாக இருந்தது.

புறப்படும் செவ்வாய்க்கிழமை. ஸ்டேஷனில் அம்மா ஒரு பையை நீட்டினாள். அவித்த முட்டை ஆறு, வெண்ணெய் தடவிய ரொட்டி, பொரித்த இறைச்சி உருண்டை.

"அங்க முட்டை கிடைக்காதாம்மா?"

"கிடைக்கும். ஆனா யார் அவிச்சதோ!"

"அழுகை வந்தா போன் பண்ணு. வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள் ஆன்ட்யே.

வீப்கேயின் கண்கள் அவர்களுக்குப் பின்னால் அலைந்தன. தூண்களுக்குப் பின்னால், பூக்கடைப் பக்கம், படிக்கட்டில்... எங்கும் இல்லை. ரயில் கிளம்பியது.

சொன்ன வார்த்தையை அப்படியே கேட்டுவிட்டானே, பாவி!

பாதி வழியில் காற்றில் ஒடிந்த மரக்கிளை தண்டவாளத்தில் கிடந்தது. நாற்பது நிமிடம் நின்றார்கள். ஹானோவரில் இறங்கும்போது மாற்று ரயில் போயே போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். திட்டத்தின் முதல் பக்கமே காலி.

ரயில் தாமதத்தைப் போனில் பார்த்துவிட்ட அக்கா உடனே கூப்பிட்டாள். "திரும்பி வந்துடறியா?"

"இல்ல. முட்டை சாப்பிட்டுட்டு இருக்கேன்," என்று வைத்துவிட்டாள்.

உண்மைதான். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக உரித்துச் சாப்பிட்டாள். அழுகை வருகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்தாள். வரவில்லை. பயமும் இல்லை. மழை கூரையில் தாளம் போட்டது. கேட்க இதமாகக்கூட இருந்தது. கோபம் மட்டும்தான் தீரவில்லை. அது ஒரே ஒருவன் மேல்.

வகுப்பில் வாங்கியிருந்த அவன் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"வீப்கே? என்ன ஆச்சு? எங்கயாவது மாட்டிக்கிட்டீங்களா? நான் வரணுமா?"

"வரக்கூடாது!"

"சரி, சரி..."

"காலைல ஏன் வரல?"

தண்ணீர் நின்றது. "நீங்கதானே வர வேண்டாம்னு..."

"சொன்னேன்தான்! சொன்னா அப்படியே கேட்டுடறதா? அஞ்சு தூண் பின்னாடியும் தேடினேன்."

அவன் மெதுவாகச் சொன்னான். "வந்தேன். எதிர்த்தெருவுல வண்டியை நிறுத்திட்டு உள்ளயே இருந்தேன். இறங்கி வந்திருந்தா அது உங்க பயணமா இருந்திருக்காது. அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியுங்க. பதினாலு பக்கமும் படிச்சவன் நான். ரயில் போற சத்தம் கேட்டப்புறம்தான் வேலைக்குக் கிளம்பினேன்."

இப்போது அழுகை வந்தது. ரயிலைத் தவறவிட்டபோது வராத அழுகை!

"இதை இவ்வளவு லேட்டாவா சொல்வீங்க?" மூக்கை உறிஞ்சினாள். "உங்களைப் பிடிச்சிருக்கு, ஃபோல்கெர்ட். கேட்கவே எரிச்சலா இருக்கு இல்ல? எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. திட்டத்துல எங்கயும் இல்லாத விஷயம் இது. ஆனா பிடிச்சிருக்கு."

மறுமுனையில் ஒரு வாளி கவிழ்ந்தது.

"எனக்கும்," என்றான்.

"என்ன எனக்கும்? நான் முழுசாச் சொன்னேன்ல? நீங்களும் முழுசாச் சொல்லுங்க."

"பிடிச்சிருக்கு, வீப்கே. நீங்க திட்டறது பிடிச்சிருக்கு. நாலு கலர் மையும் பிடிச்சிருக்கு. உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு." வாளியை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. "அப்போ... ஐன்பெக்குக்கு வரட்டுமா?"

"வந்தா கொன்னுடுவேன்! நாலு நாளும் என்னோடது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு ஓல்டன்பூர்க் வரேன். அப்போ வரலைன்னாலும் கொன்னுடுவேன்."

"அஞ்சு மணிக்கே வந்து நிக்கறேன்."

"எதுக்கு அஞ்சு மணிக்கு?"

"ரயில் முன்னாடியே வந்துட்டா?"

"நம்ம ஊர்லயா?"

இருவரும் சிரித்தார்கள். தூரத்தில் மழையைக் கிழித்துக்கொண்டு ஐன்பெக் பக்கம் போகும் ரயில் வந்தது. வீப்கே போனை அணைத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது. உதவிக்கு நீண்ட ஒரு கையைத் தலையசைத்து மறுத்தாள். தானே தூக்கி, தானே ஏறினாள்.