வாய் மட்டும் பாக்கி

நூலின் நுனி ஈரமாக இருந்தது.

மூன்று நாளாக அலமாரியில் பூட்டிக் கிடந்த பெட்டியை அவள் அப்போதுதான் திறந்திருந்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி பாதியில் விட்டுப்போன பாசிமணிப் பை அது. கறுப்பு மணிகளுக்கு நடுவே ஒரு பெண்முகம். நெற்றி, கண், மூக்கு எல்லாம் முடிந்து, வாய் மட்டும் பாக்கி. மூக்குக்குக் கீழே தொங்கிய பழைய நூல், இப்போதுதான் யாரோ வாயில் வைத்து எடுத்ததுபோலக் கூராக நனைந்திருந்தது.

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். பகலெல்லாம் இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு ஊரார் வாய்க்குள் கைவிடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால், பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வந்த அரைகுறை மணிவேலைகளை எடுத்து முடிப்பதுதான் பொழுதுபோக்கு. அதில் அவளுக்கு ஒரே ஒரு விதி: பழைய நூலை வெட்டக்கூடாது. முதல் கை விட்ட இடத்திலேயே தன் நூலை முடிச்சிட்டுத் தொடரவேண்டும். முடிச்சுக்கு முன்னால் பழைய நுனியை நாக்கில் வைத்துத் திரித்தாள், எப்போதும் செய்வதுபோல.

வைத்த பிறகுதான் உறைத்தது. டாக்டர் சொத்தைப் பல்லைக் குடையும்போது குபீரென்று வருமே, அந்த நாற்றம், ருசியாக, நாக்கின் நடுவில். குமட்டிக்கொண்டு வந்தது. மேசைமேல் இருந்த டீயை எடுத்து மடமடவென்று பாதி குடித்தாள்.

"ஊரான் எச்சிலை வாயில வெக்க உனக்குக் கூச்சமே இல்லையா?" என்றார் புருஷன். அவள் குடித்த மீதியைக் குடிப்பது அவருடைய இருபது வருஷப் பழக்கம்.

"என் எச்சில் டீயை நீங்க குடிக்கலையா?"

"அது பொண்டாட்டி எச்சில். இது பொணத்து எச்சில்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, கோப்பையைக் காலி செய்தார்.

உதட்டுக்கு வேண்டிய ரோஜா நிற மணிகள், பையோடு பெட்டியில் வந்த பழைய பொட்டலத்தில் கொஞ்சம்தான் இருந்தன. மேலுதடு முடிவதற்குள் தீர்ந்துபோயின. அன்று இரவெல்லாம் ஈறு அரித்தது. காலையில் வாய் கொப்பளித்துத் துப்பியபோது தொட்டியில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

ஒரு மணி. ரோஜா நிறம் என்று அவள் நினைத்திருந்தது ஈறின் நிறம். கோழை சுற்றி, நடுவில் துளையோடு கிடந்தது.

அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அதை எறிய அவளுக்கு மனம் வரவில்லை. வேறெங்கே கிடைக்கும் அந்த நிறம்? சோப்புப் போட்டு நாலுமுறை கழுவிக் கோர்த்துவிட்டாள். மறுநாள் ஆறு வந்தன. அதற்கடுத்த நாள் பதினைந்து. துப்புவாள், கழுவுவாள், கோர்ப்பாள். டீயை மட்டும் எப்போதும்போலப் பாதி குடித்து வைத்தாள். விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மணி எதுவும் வரவில்லை. கீழுதட்டில் ஒரு வரிசை பாக்கி. திறந்த வாய் ஒன்று அவளைப் பார்த்தது. அறை முழுக்க அந்த நாற்றம். அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. விதியாவது மண்ணாவது என்று கத்திரிக்கோலை எடுத்துப் பழைய நூலை வெட்டினாள்.

வெட்டிய நுனியிலிருந்து எச்சில் வடிந்தது. வெதுவெதுப்பாக, விரல்மேல்.

பையை மூன்று பிளாஸ்டிக் உறைகளில் சுற்றிக் குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டாள். உப்புநீரில் நாக்கு எரியக் கொப்பளித்தாள். கண்ணாடியில் பார்த்தாள். ஈறு சுத்தம். மூன்று நாள் கழித்தும் சுத்தம். தப்பித்தோம் என்று வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

"ஏய், கொஞ்சம் வந்து பாரேன்," என்று புருஷன் கூப்பிட்டார். "ஒரு வாரமா ஈறு அரிக்குது. பல்லிடுக்குல வேற என்னமோ மாட்டிருக்கு."

ஜன்னலோரம் உட்காரவைத்தாள். நல்ல வெயில். "வாயைத் திறங்க." கிளினிக்கில் தினமும் சொல்கிற வார்த்தைதான்.

நாற்றம்.

கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு நூல் நுனி. ஈரமாக. கூராக.

பிடித்தாள். இழுத்தாள். ஒரு மணி வந்தது. இன்னொன்று. இன்னொன்று. வரிசை பிசகாமல், முடிச்சோடு, கறுப்பும் ரோஜாவுமாக. அவருக்கு வலிக்கவில்லை. கண்ணை விரித்து அவளையே பார்த்தார்.

இன்னும் வந்தது. முழம் தாண்டி வந்தது. பிறகு நின்றது.

அவள் விரலில் பிடித்திருந்த நூல் விறைத்தது. உள்ளே, தொண்டைக்கும் கீழே, யாரோ அதை நாக்கில் வைத்து நனைக்கிற சின்னச் சத்தம்.

அப்புறம் அங்கிருந்து, மெதுவாக, திரும்ப இழுத்தார்கள்.