கம்பளி போர்த்திய கார்

"அப்பாகிட்ட சொல்லிராத கம்சலா. நானே கேட்கிறேன்."

"எப்ப கேட்பீங்கம்மா?"

"கார் ஒரு மாசம் மக்கர் பண்ணாம ஓடட்டும். அன்னைக்குக் கேட்கிறேன்."

நான்கு மாதங்களுக்கு முன் அம்மாவும் கம்சலாவும் பேசியது இது. அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. தெமோதரை தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் ஆசிரியை. தினமும் காலையில் பதுளையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போவார்.

ஆனால் கார் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியதே இல்லை.

அது பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார். ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி இலங்கைக்கு வந்தது. வாங்கும்போதே மீற்றரில் ஒரு இலட்சத்து எழுபத்தெட்டாயிரம் கிலோமீற்றர். கம்சலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். உலகத்தை ஏறக்குறைய நாலரைச் சுற்று!

பதுளையில் அது பூனை மாதிரி சத்தமில்லாமல் போகும். அப்புத்தளை மலையில் ஏறினால் மட்டும் சிவப்பு லைட் எரியும். மெக்கானிக் புஹாரி நானா மூன்று முறை பார்த்துவிட்டார்.

"நம்ம கராஜ்ல லைட்டே வருதில்லையே, மொதலாளி!" என்று தலையைச் சொறிந்தார்.

அப்பா இரகுநாதன் பதுளையில் கம்பளிக் கடை வைத்திருந்தார். தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அப்புத்தளைக் கடை ஒன்றுக்குக் கம்பளிகள் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"இன்னைக்கும் லைட் வந்தா நாளைக்கே வித்துருவேன். வெலிமடையில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

அம்மா முன்சீட்டில் ஏறினார். கம்சலா பின்சீட்டிலிருந்து அவரைப் பார்த்தாள். காரே இல்லாமல் போனால் அம்மா எதை ஓட்டுவார்?

பண்டாரவளையைத் தாண்டியதும் பனி இறங்கியது. அப்பா காரை ஓரங்கட்டினார். விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புதுக் கம்பளி ஒன்றை எடுத்துப் பின்சீட்டின் மேலும் பக்கத்திலும் இறுக்கிச் செருகினார்.

"இது எதுக்குப்பா?"

"சீட்டுக்குப் பின்னாலதான் பெரிய பெட்டரி இருக்கு. இந்தக் குளிர்ல அது விறைச்சுப் போகாதா?"

"எப்பவும் போர்த்துவீங்களா?"

"அப்புத்தளை போறப்ப மட்டும். பதுளையில என்ன குளிர்?"

கம்சலா யோசித்தாள். அப்புத்தளையில் மட்டும் கம்பளி. அப்புத்தளையில் மட்டும் சிவப்பு லைட்.

கார் ஏறத் தொடங்கியது. சற்று நேரத்தில் அவள் பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கம்பளிக்கு அடியிலிருந்துதான் வந்தது. அவள் அதை விலக்குவதற்குள் முன்னால் சிவப்பு லைட் எரிந்தது.

"போச்சு!" என்று அப்பா காரை நிறுத்தினார்.

கம்சலா கம்பளியைத் தூக்கினாள். சீட்டின் ஓரத்தில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் போல ஒன்று இருந்தது. கம்பளியின் நுனி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, ஒரு டொஃபித் தாளைக் காட்டினாள். சப்பென்று தாள் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, இங்க வந்து பாருங்க! கார் மூச்சு இழுக்குது. நாம மூக்கைப் பொத்தி வச்சிருக்கோம்!"

அப்பா எட்டிப் பார்த்தார். உடனே புஹாரி நானாவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் சிரிப்பு வெடித்தது, மூன்று பேருக்கும் கேட்டது.

"பெட்டரிக்குக் கம்பளியா! ஏறுறப்ப அது சூடாகும், மொதலாளி. அது ஆறுறதுக்குக் காத்துப் போற வழிதான் அது. காரை நிப்பாட்டிக் கொஞ்சம் ஆறவிடுங்க. யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க கம்சலா."

"அப்ப சம்பளத்துக்கு அவளை இங்க அனுப்பிவிடுங்க!"

பக்கத்துக் கடையில் மூவரும் பிளேன்டீ குடித்தார்கள். அப்பா அந்தக் கம்பளியைத் தன் தோளில் போர்த்திக்கொண்டார். விலைச்சீட்டு முதுகில் ஆடியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு அப்பா காரைக் கிளப்பினார். லைட் இல்லை. வளைவுக்கு மேல் வளைவாக ஏறினார்கள். அப்போதும் இல்லை. அப்புத்தளை ஸ்டேஷன் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபோதும் இல்லை.

"வெலிமடைக்காரர்கிட்ட என்னப்பா சொல்வீங்க?"

"கார் விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லிருவேன்" என்றார் அப்பா.

கம்சலாவுக்கு நாக்கு நமநமத்தது. ஆனால் சொல்லக் கூடாதென்று வாக்குக் கொடுத்திருந்தாளே! முன்சீட்டுக்கு எட்டி, அம்மாவின் தோளை விரலால் ஒரு குத்துக் குத்தினாள். அம்மா திரும்பிப் பார்த்தார். கம்சலா புருவத்தை உயர்த்தினாள்.

"ஒரு மாசம் ஆகலையே" என்று அம்மா முணுமுணுத்தார்.

"என்ன ஒரு மாசம்?" என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏங்க, எனக்கும் இந்தக் காரை ஓட்டக் கத்துக்குடுங்க."