கோட்டைச் சுவர்

பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கிரீடம் உட்புறம் ஈரமாக இருந்தது. வாடகைக் கிரீடம், காலையில்தான் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தது, யாரும் இன்னும் தலையில் வைக்கவில்லை. ஆனாலும் நெற்றிப் பட்டையில் விரல் பட்டபோது, யாரோ இந்த நிமிடம்தான் கழற்றிக் கொடுத்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது அறிவுச்செல்வனுக்கு.

"போட்டுக்க அறிவு. செகண்ட் ஷிப்ட் ஆளுங்க கிளம்பறதுக்குள்ள கோட்டை சீனை முடிச்சிடலாம்" என்றார் டைரக்டர் குமரவேல்.

நிலக்கரிச் சுரங்க நகரியத்தின் அந்தப் பழைய மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பதினொரு மணி வெயில் சன்னல் வழியாக மேடைவரை வந்து கிடந்தது. எத்தனை முறை துடைத்தாலும் மறுநாளே படிந்துவிடும் கரித்தூளும் புதுப் பெயிண்டும் கலந்து மூக்கில் ஏறின. மேடை நடுவே, இரும்புச் சட்டங்களை நட்டு போட்டு இணைத்து, மேலே பலகை பரப்பி, கல்லடுக்கு வரைந்த துணியைப் போர்த்திய சோழர் காலத்துக் கோட்டைச் சுவர். பன்னிரண்டடி உயரம். போன வருடம் இதே சுவரிலிருந்துதான் சிங்காரவேல் விழுந்தான். அரசன் வேடம் அப்போது அவனுக்கு.

மேலே ஒரு நட்டு கழன்றிருந்தது அறிவுச்செல்வனுக்கு முன்பே தெரியும். மேடை வேலை அவன் பொறுப்பு. ஸ்பேனர் எடுத்துவரச் சோம்பல்பட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டான். விழுந்தவனைச் சுற்றி எல்லாரும் குனிந்திருந்த நேரத்தில், பின்பக்கமாக ஏறி அதை முறுக்கினான். கேட்டவர்களிடம், "அவன் வாயில சாராய வாடை வந்துச்சு" என்றான். சிங்காரவேல் குடிக்கிறவனே இல்லை. ஒன்பது நாள் பேச்சில்லாமல் கிடந்து செத்தான். அந்த ஒரு வார்த்தை மட்டும் குடியிருப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றி, அவன் மனைவி மணிமொழி காய் வாங்கும் கடைவரை போனது.

இன்று அவளே வந்திருந்தாள். வசனம் எடுத்துக்கொடுக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டுத் தானாக வந்தவள், மேடைக்குக் கீழே நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"வூட்ல தனியா குந்திகினு என்னாண்ணே பண்றது?" என்றாள் அவனிடம். "அவருக்கு இந்த நாடகம்னா உசுரு."

அவன் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டான்.

பக்கத்து ஏணியில் ஏறி மேலே போனான். ஓர் அடி வைத்தான், பலகை முனகியது. அவன் அசையவில்லை. பலகை மறுபடி முனகியது.

"குடிமக்களே! இந்தச் சுவரில் நின்று உண்மையன்றி..."

அடுத்த சொல் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வரும் அந்த மருந்து வாடை. காதுக்குப் பின்னால் மூச்சு.

"வேறெதுவும் உரைக்க மாட்டேன்" என்று கீழிருந்து மணிமொழி எடுத்துக்கொடுத்தாள்.

குனிந்து பார்த்தான். குமரவேல் அவனைப் பார்க்கவில்லை. வீரர் வேடத்தில் வேல் பிடித்து நின்ற நால்வரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவனுக்கு இடப்பக்கம். ஒரு முழம் தள்ளி.

அவனால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

"நட்டு கழண்டிருந்துச்சு" என்றான். "எனக்குத் தெரியும். அப்படியே விட்டுட்டேன். அவன் குடிக்கல. நான் சொன்னது பொய். மணிமொழி, பொய்ம்மா!"

யாரும் திரும்பவில்லை. யாருக்கும் கேட்டதாகவே தெரியவில்லை.

மணிமொழி எழுந்தாள். நோட்டு மடியிலிருந்து சரிந்தது. ஒரு வருடமாக யாரும் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில்.

"பாத்து எறங்குங்க" என்றாள். "அவசரம் வேணாம்."

பலகை முனகியது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஏணியின் மேல்படி முனகியது. அடுத்தது. அதற்கடுத்தது. கீழே நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் கையை நீட்டினாள். வளையல்கள் தாமாக மேலேறின. வெறுமையான மணிக்கட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, நான்கு விரல் அச்சில் சதை அமுங்கியது.