பகலில் வரும் கறுப்புக் கார்

அப்பா யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவருடைய கறுப்புக் காரைப் பகலில் கண்டால் விமானிகள் குடியிருக்கும் எங்கள் தெருவே நடுங்கும்.

அப்பா விமானப்படைத் தளத்தின் தலைமை அதிகாரி. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் விமானியாகச் சேர்ந்தார். பதவி ஏற ஏற, விமானத்தில் ஏறுவது குறைந்துவிட்டது. இப்போது மேஜை, கோப்பு, தொலைபேசிதான். இன்னொரு வேலையும் உண்டு. விமானம் விழுந்து யாராவது இறந்துபோனால், அவர் வீட்டுக்கு அப்பாதான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். மற்ற நாளில் அவர் கார் சாயங்காலம்தான் தெருவுக்குள் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கார் கடைசி வீட்டு வாசலில் நின்றது. அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது.

ஒரு சனிக்கிழமை, நானும், சுருட்டை முடி என்பதால் நான் சுருட்டை என்று கூப்பிடும் எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் வீட்டு வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். அவளுடைய அப்பா விமானி. காலையில்தான் பறக்கப் போயிருந்தார்.

கார் தெருவுக்குள் திரும்பியது. துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் அம்மாவின் கையிலிருந்து வாளி நழுவியது. வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்றார்கள்.

கார் எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அப்பா உள்ளே போய், மறந்து வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவ்வளவுதான்.

சுருட்டையின் அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதார். சுருட்டை காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டாள்.

"நீ வீட்டுக்குப் போ. இனிமே இங்க வராத," என்றாள்.

அப்பாவுக்கு மாற்றல் வந்து வந்து ஐந்து பள்ளி மாறியவள் நான். இந்த ஊரில் எனக்கு அவள் ஒருத்திதான் தோழி.

சாயங்காலம் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். காருக்குள் இருந்தவருக்குத் தெரு கண்ணில் படவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்தக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டுறதுக்குள்ள எனக்குக் கை நடுங்கிப்போச்சும்மா," என்றார்.

அப்பாவுக்கும் பயம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"பகல்ல சும்மா வர்றப்போ நடந்தே வாங்கப்பா. நடந்து வந்தா பயப்பட ஒண்ணுமில்லன்னு எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்."

"ரெண்டு மைல் நடக்கணுமே?"

"தொப்பையும் குறையும்."

அப்பா மெல்லச் சிரித்தார்.

மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சுருட்டையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சுருட்டை உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நடுப்பகலில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து அப்பா நடந்து வந்தார். சுருட்டையின் அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டார். சுருட்டை தெருவைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவ்வளவு பெரிய அதிகாரி வந்தும், எங்கள் தெருவில் ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை. அப்பாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.